எழுத்து எழுத்தாக

கட்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் எனக்குக் கேட்க வாய் வராது. நின்றபடியே, "சார், என் கேஸ் கட்டைத் தந்திருங்க, அண்ணன் வேற வக்கீல் பாத்திருக்காவ" என்று சொல்லிவிட வேண்டும். பஸ் ஏறியதிலிருந்து உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொண்டு வந்த அந்தப் பேச்சு, பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறும்போதே பாதியாகி, கதவைத் தாண்டியதும் மிச்சமும் போய்விட்டது. ஏனென்றால் சேர்மதுரை வக்கீல் மேசைமேல் குனிந்து, திறந்திருந்த லேப்டாப்பின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்கிற மாதிரி. "யாரு?" என்கிறார், காதை எடுக்காமலே. "முப்பிடாதி சார்." "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. குமாஸ்தா இன்னைக்கு இல்ல, அவர் தங்கச்சிக்குக் கல்யாணம், தென்காசி போயிட்டாரு. இந்தத் திரையில என்ன தெரியுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." நான் பார்த்தேன். கறுப்பா இருக்கு சார் என்றேன். "விளக்கு அணைஞ்ச கறுப்பா, விளக்கு எரியிற கறுப்பா?" எனக்கு விளங்கவில்லை. கையை இரண்டு பக்கமும் மறைவாக வைத்துக் குனிந்து பார்த்தால், ஆமாம், அந்தக் கறுப்புக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெளிச்சம் இருக்கிறது. எரியிற கறுப்பு. கறுப்பில் இரண்டு வகை உண்டென்று பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தர் கேட்டுத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. "அப்ப உசிரு இருக்கு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நேற்றுச் சாயங்காலம் ஆறரை மணிக்கு என் கேசுக்கான எழுத்து வாதத்தை எழுதி முடித்தாராம், இருபத்து மூன்று பக்கம். மெஷினை அணைக்கப் போனால் அது சிஸ்டம் அப்டேட் என்று எதையோ ஏற்றிக்கொள்ள ஆரம்பித்ததாம். ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போனவர் காலையில் வந்து பொத்தானை அமுக்கினால், தினமும் வாய் திறந்து திரையில் உள்ளதை அவருக்கு வாசித்துச் சொல்கிற மெஷின் ஊமையாக இருக்கிறது. பென் டிரைவில் மூன்று நாளைக்கு முந்தின நகல்தான் இருக்கிறது, அதில் எட்டுப் பக்கம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கட்டும் மறந்துபோகிறது, அண்ணனும் மறந்துபோகிறான். போன வாய்தாவில் ஜட்ஜ் அம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது: அடுத்த தடவை மதியம் ஒரு மணிக்குள் தாக்கல் செய்யாவிட்டால் உங்கள் பக்கம் ஒன்றும் இல்லையென்று எடுத்துக்கொள்வேன். அந்த அடுத்த தடவை இன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார், நாலு வருஷமாக எட்டிப் பார்க்காதவர், இப்போது பிள்ளை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறார். தாயார் எட்டாம் வகுப்பு, ஊறுகாய் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறவர், பிள்ளையைப் படிக்கவைக்கும் தகுதி இல்லாதவர். அப்படித்தான் எழுதியிருக்கிறது. தகுதி. அந்தச் சொல்லில் என் நினைப்பு முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் கிழியும், விட்டால் நகராது. மணி பத்து ஐந்து.

அவர் பதறவில்லை. முதலில் பிரிண்டர் ஒயரைக் கழற்றினார், பிறகு ஸ்கேனர், பிறகு பென் டிரைவ். ஒவ்வொன்றையும் கழற்றினதும் மேசையின் இடது ஓரத்தில் வரிசையாக வைத்தார், வைத்ததைத் திரும்ப ஒருதரம் தொட்டுப் பார்த்தார். ஒன்றைக் கழற்றுவார், மெஷினை அணைத்துப் போடுவார், "இப்ப?" என்று கேட்பார். வெள்ளைப் புள்ளிகள் வட்டமா சுத்துது சார். எண்ணச் சொன்னார், எண்ணினேன், நாலு நிமிஷம் சுற்றிவிட்டு மறுபடி கறுப்பு. அடுத்ததைக் கழற்றினார். நானாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடுங்கியிருப்பேன். எங்கள் கம்பெனியில் லேபிள் மெஷின் மாட்டிக்கொண்டால் சூப்பர்வைசர் முதலில் திட்டுவார், பிறகு தட்டுவார், பிறகு யாரையாவது குற்றம் சொல்வார். இவர் யாரையும் திட்டவில்லை, அப்டேட்டைக்கூடத் திட்டவில்லை. "எல்லாத்தையும் ஒண்ணாக் கழட்டுனா எது காரணம்னு தெரியாமப் போயிரும் பாத்துக்கோங்க" என்று எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது. போனை வைத்துப் படிக்கவைக்கவும் பார்த்தாராம். அதில் ஒரு ஆப் இருக்கிறது, கேமராவைக் காட்டினால் எழுத்தை வாசித்துச் சொல்லுமாம், ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டு அது எதையோ உளறியிருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த சிநேகிதர் ஒருவர் ரயிலில் இருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. ஆக மிச்சம் இருப்பது நான்தான். ஐயோ, நானா. "இனி மூணு தடவை பாதியிலேயே அணைக்கப் போறேன்" என்றார். "அப்படிச் செஞ்சா அதுவே ஏதோ கோளாறுன்னு புரிஞ்சுக்கிட்டு வேற ஒரு பக்கத்தைக் காட்டும். அந்தப் பக்கத்துல மெஷின் குரல் வேலை செய்யாது. அங்க நீங்கதான் வாசிக்கணும்." பொத்தானில் விரலை வைத்துப் பத்து எண்ணினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை திரை நீலமாயிற்று, நீலத்தில் வெள்ளை எழுத்து வந்தது, எல்லாம் இங்கிலீஷ்.

வாசிக்கணும். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் எழுப்பிவிட்டு வாசி என்றபோது ஐலண்ட் என்கிற வார்த்தையை நான் இஸ்லாந்து என்று வாசித்தேன். டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார், அதைப் பார்த்துத்தான் வகுப்பே சிரித்தது. எழுதியிருக்கிற எழுத்தை ஏன் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாத எழுத்தை ஏன் எழுதுகிறார்கள், இருபது வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றது, அம்மாவுக்குக் காசநோய், வீட்டில் சோறாக்க ஆள் வேண்டும். வக்கீலின் நாற்காலி ஓரத்தில் இப்போது நிற்கிற என் கால் அந்த வகுப்பறைக் கால். "சார், எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது." சொல்லிவிட்டேன். சொன்னதும் காது சூடேறுகிறது. அவர் முகம் மாறவே இல்லை. "வார்த்தையா வேண்டாம். எழுத்து தெரியும்லா? எழுத்து எழுத்தாச் சொல்லுங்க, எனக்கு அது போதும். நானும் அப்படித்தான் படிச்சேன்." எழுத்து தெரியும். எழுத்து எனக்கு ஏன் தெரியாது, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு லேபிள் என் கண்ணைத் தாண்டித்தான் போகிறது. ஒரு எழுத்து அழிந்திருந்தால், ஒரு நம்பர் மாறியிருந்தால் பாட்டிலைத் தனியாக எடுத்து வைப்பது என் வேலை. நாலு கட்டம் இருக்கு சார் என்றேன். மூணாவது கட்டம், டி, ஆர், ஓ, யு, பி, எல், இ. "அதான். அதான் வேணும்." அவர் விரல் கீழ் அம்புக்குறி விசையில் இருந்தது, எந்தக் கட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு நிற்கிறது என்று நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக இறங்கினார். என் கண் அவர் விரலில் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது, அல்லது அவர் விரல் என் கண்ணில்.

அடுத்த பக்கத்தில் இரண்டே கட்டம். மேலே இருப்பதைச் சொல்லுங்க என்றார். ஆர், இ, எஸ், இ, டி என்றேன். அவர் கை விசையிலிருந்து சட்டென்று விலகி மடியில் போய்விட்டது. "அது கிட்டப் போகக் கூடாது. அதை அமுக்கினா மெஷின் நல்லாயிரும், உள்ள இருக்குற எதுவும் இருக்காது. வெள்ளைக் கோடு இப்ப எதுல நிக்குது?" அதுலதான் சார். என் மகள் சுபிக்ஷாவைப் பற்றி இந்த எட்டு மாதத்தில் நான் அழுது சொன்னது, சிரித்துச் சொன்னது, சொல்லவேண்டாம் என்று நினைத்துச் சொன்னது எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது, அதன்மேல் ஒரு வெள்ளைக் கோடு ஏறி நிற்கிறது. அவர் அம்புக்குறியை ஒரே ஒரு தடவை அமுக்கினார். "இறங்கிட்டா?" இறங்கிட்டு சார். "நிச்சயமா?" நிச்சயமா. "இன்னொரு தடவை பாருங்க. நான் போன வருஷம் இதைச் செஞ்சிருக்கேன், எது எங்க இருக்கும்னு மனப்பாடம். ஆனா இடம் மாறியிருக்கலாம், என் மனப்பாடத்தை நம்பி உங்க கேஸை வைக்கக் கூடாது." பார்த்தேன். நிச்சயமாக இறங்கியிருந்தது. அப்போதுதான் என் பையில் போன் அடித்தது. அண்ணன். எடுத்தால் அறை முழுக்கக் கேட்கிற குரல் அவனுக்கு. "கட்டை வாங்கிட்டியா? வக்கீலு கோர்ட் வாசல்ல நிக்காரு. கண்ணு தெரியாத ஆளு கையில கொடுத்துட்டு எத்தனை நாளு உக்காந்திருப்ப?" சேர்மதுரை வக்கீல் தலையைத் திருப்பவில்லை, விரலையும் எடுக்கவில்லை, கேட்டிருப்பார், கேட்காமல் எப்படி இருக்கும். என்னால் வெளியே போய்ப் பேச முடியாது, வெள்ளைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருக்கிறது. "அண்ணே, கட்டு இங்கயே இருக்கட்டும். நான் இங்க வேலையா இருக்கேன், அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பு. "கட்டு கேட்டு வந்தீங்களாக்கும்" என்றார். ஆமா சார். "கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. மனசுல வச்சுக்க மாட்டேன். முதல்ல இதை முடிச்சிருவோம். அடுத்த பக்கம் வந்திருக்கா?"

வந்திருந்தது. அதில் ஒரு கட்டம் யு, என், ஐ, என், எஸ் என்று போயிற்று, ஏற்றினதை இறக்குகிற கட்டமாம். அதற்குள் போனால் இரண்டு வரி, மேலும் கீழும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, ஆனா ஒண்ணு இல்ல சார் என்றேன். "எங்க மாறுது?" மூணாவது வார்த்தையில. மேல உள்ளது கியூவுல ஆரம்பிக்கு, கீழ உள்ளது எஃப்புல. அவர் சிரித்துவிட்டார். "குமாஸ்தாவா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான் சார்னு சொல்லியிருப்பாரு. கியூ. நேத்து ஏறினது அதுதான், அதை இறக்கிருவோம்." அமுக்கினால் மெஷின் சாவி கேட்டது. நாற்பத்தெட்டு நம்பர், ஆறு ஆறாக எட்டுக் கட்டம். தப்பானவர் கையில் போனால் திறக்கக் கூடாதென்று போட்ட பூட்டாம். அவர் எழுந்து அலமாரிக்குப் போனார், மேலிருந்து மூன்றாவது தட்டு, இடமிருந்து தடவிக்கொண்டே போய் ஒரு தடித்த காகிதத்தை உருவினார். காகிதம் முழுக்கப் பிரெய்ல் புள்ளி, மை இல்லை, எழுத்து இல்லை, யார் திருடினாலும் வெறும் மேடுபள்ளம். இடது ஆட்காட்டி விரலை அதன்மேல் வைத்து அவர் வாசிக்க, நான் நம்பரைத் தட்டினேன். நாலு, ஒண்ணு, ஏழு, பூஜ்யம், ஒன்பது, ரெண்டு. ஆறு ஆனதும் நிறுத்துவார், நான் திரையில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வேன், அவர் விரல் பின்னால் போய்ச் சரிபார்த்துவிட்டு வரும். எங்கள் கம்பெனியில் பேட்ச் நம்பர் வாசிப்பதும் இப்படித்தான், ஒருத்தி சொல்ல ஒருத்தி பார்க்க. அந்த விரலையே பார்த்தேன். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நிச்சயமாக ஒரு விரல் போவதை நான் பார்த்ததில்லை. அவர் முகத்தையும் பார்த்தேன். ஒரு ஆம்பளை முகத்தை இத்தனை நேரம் நேராக நான் பார்த்ததே கிடையாது. அவருக்குத் தெரியாதென்றுதானே பார்க்கிறேன் என்று தோன்றினதும் வெட்கமாகி, திருடின பொருளைத் திரும்ப வைப்பதுபோலக் கண்ணைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எட்டாவது கட்டம் முடிந்தது. பூட்டு திறந்தது. நீலத் திரையில் மறுபடி புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன.

"இனி நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்று அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன், மூடியைத் திறக்காமலே வாயில் வைக்கிறார். இத்தனை நேரம் விசையில் தப்பாத கை இப்போது தப்புகிறது. பயப்படாத மனுஷன் என்றல்லவா நினைத்தேன், பயத்தை அந்த மேசை ஓரத்தில் ஒயரோடு ஒயராகக் கழற்றி வைத்திருந்திருக்கிறார். மணி பதினொன்று இருபது. புள்ளிகள் சுற்றுகின்றன. கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடந்த நாள் நினைப்பில் வந்து நிற்கிறது, வேண்டாம் என்றால் போகவா செய்யும். வீட்டுக்காரர் பக்கத்து வக்கீல் சுபிக்ஷாவின் ராங்க் கார்டை என் கையில் கொடுத்து, இதில் ஆசிரியர் எழுதியிருக்கும் குறிப்பை வாசியுங்கள் அம்மா என்றார். இரண்டு வரி இங்கிலீஷ். கூண்டில் நின்றேன், ஒரு சத்தம் வரவில்லை. அப்போது சேர்மதுரை வக்கீல் எழுந்து ஜட்ஜ் அம்மாவிடம், "அந்தத் தாளை என்கிட்டயும் கொடுக்கச் சொல்லுங்கம்மா, என்னாலயும் அதை வாசிக்க முடியாது, என் பிள்ளைகளையும் எடுத்துக்கிடுவாங்களான்னு தெரிஞ்சுக்கிடுதேன்" என்றார். கோர்ட்டில் சிரித்துவிட்டார்கள். ஜட்ஜ் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அண்ணன் வெளியே வந்து, உன் வக்கீல் உன்னைக் கேலிப்பொருளாக ஆக்கிவிட்டான் என்றான், நானும் அப்படித்தான் என்று நினைத்து மூன்று வாரம் புழுங்கினேன். இஸ்லாந்து, இஸ்லாந்து என்று அதே சிரிப்புதான் காதில். ஆனால் இன்றைக்கு இந்த நாற்காலி ஓரத்தில் நின்று யோசித்தால் அது அதே சிரிப்பில்லை. அன்றைக்கு டீச்சர் என்னைத் தனியாக நிற்கவிட்டுச் சிரித்தார். இவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கவைத்தார். தன்னைக் காட்டித்தான் சிரிக்கவைத்தார். ராங்க் கார்டு என் கையிலிருந்து எப்போது வாங்கப்பட்டது என்றே யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. மூன்று வாரம் எனக்கு இது ஏன் விளங்கவில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மெஷின் பேசிற்று. ஒரு பொம்பளைக் குரல், ஏற்ற இறக்கமில்லாத குரல், பாஸ்வேர்டு என்றது. அவர் முகத்தில் ரத்தம் ஓடி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். விரல்கள் விசைமேல் பறந்தன, குரலும் பறந்தது, அவர் வழக்கமாகக் கேட்கிற வேகமாம் அது, மழை தகரத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல், அதில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இருபத்து மூன்று பக்கமும் இருக்கு என்றார். இருக்கு, இருக்கு என்று இரண்டு தடவை. பிறகு, "நீங்களும் கேக்கணும்லா" என்று வேகத்தைக் குறைத்தார். அந்தக் குரல் என் வாழ்க்கையை ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தது. எதிர்மனுதாரர் எட்டாம் வகுப்போடு நின்றது அவருடைய விருப்பத்தால் அல்ல. எதிர்மனுதாரர் என்றால் நான்தான். அம்மா படுத்திருந்ததை ஒரே ஒரு தடவை, மாடிப்படி இறங்கும்போது போகிறபோக்கில் சொல்லியிருப்பேன். நான்கு ஆண்டுகளில் மகள் பள்ளிக்குப் போகாத நாட்கள் ஒன்பது. அதையும் நான்தான் எப்போதோ சொன்னேன். எழுதி வைத்துக்கொள்ளாமல் எப்படி இத்தனையும் பிடித்து வைத்தார். குரல் போய்க்கொண்டே இருந்தது: எதிர்மனுதாரர் தினமும் மாலையில் தன் மகளுக்குப் பாடங்களைத் தானே சொல்லித் தருகிறார். "நிறுத்துங்க சார்" என்றேன். நிறுத்தினார். "அது தப்பு சார். நான் சொல்லிக் கொடுக்கல." "அப்ப?" "அவ சத்தமா வாசிப்பா, நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன். தப்பா வாசிச்சா எனக்குத் தெரியாது. ஆனா தயங்கினா தெரியும். ஏன் நிறுத்திட்ட, திரும்ப வாசின்னு சொல்லுவேன். அவளே சரியா வாசிச்சிருவா. அவ்வளவுதான் சார்." அவர் விசையை அமுக்கி அந்த வரிக்குத் திரும்பப் போனார். இதைச் சொல்லிக் கேஸைக் கெடுத்துவிட்டேனோ, பேசாமல் இருந்திருக்கலாமோ, ஒரு பொய்யில் என்ன கெட்டுவிடப் போகிறது. "நீங்க இப்ப சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போடப் போறேன்" என்றார், போட்டார். பிரிண்டர் ஒயரை நான் எடுத்துக் கொடுத்தேன். மணி பன்னிரண்டு ஆகவில்லை. "அச்சுப் போடுறதுக்கு முன்னால முழுசா ஒரு தடவை ஓட்டிப் பாத்துருவோம். உங்களுக்காக மெதுவா விடவா?" வேண்டாம் சார், நேரமாகும், உங்க வேகத்துலயே போகட்டும் என்றேன். அந்தக் குரல் மறுபடி தகரத்து மழையாகக் கொட்டிற்று. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரைப்போலவே தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்டேன். முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சொல் தெறித்து விழுந்தது, சுபிக்ஷா. அடுத்த நொடி இன்னொரு தடவை, சுபிக்ஷா.